ஷார்ல் ரிஷே

தேனீ கொட்டினால் பெரும்பாலோர் சிறிது நேரம் வேதனையுற்றுத் தேறுவர். முன்னும் கொட்டுப்பட்ட சிலரோ சில நிமிஷங்களில் மூச்சடைத்து உயிர் துறப்பதுமுண்டு. இவ்விந்தையின் காரணத்தை நாம் அறிய வழி திறந்தவர் ஷார்ல் ரிஷே என்னும் பிரெஞ்சுப் பேரறிஞராவார்.

இவர் 1850-ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் பிறந்தார். தந்தையார் ரணவைத்தியப் பேராசிரியர். இவரும் வைத்தியம் பயின்று, 1887-இல் அந்நகரிலேயே உடலியற் பேராசிரியராக அமர்ந்தார்.

1901-இல் மொனாகோ அரசர் முதலாம் ஆல்பர்ட்டின் கப்பலில், போர்த்தியே என்பாருடன் கடல்யாத்திரை செய்து, தீண்டினோரைத் துடிக்கச் செய்யும் கடற்பிராணியொன்றின் விஷத்தை ஆராயத் தொடங்கினார். பாரிஸ் திரும்பியபின், மலர்போல் தோன்றும் வேறொரு கடற்பிராணியின் விஷத்தை நாய்களுக்கு ஏற்றிச் சோதித்தார். அம்மை குத்தியவாறு, சிறிது விஷம் பழகிய உடல் பின்னர் அதனைத் தாங்கும் என்பது அவர் எண்ணம். நேர்ந்ததோ வேறு. நெப்டியூன் என்னும் வலிய நாய் முதல் ஊசியால் யாதொரு கேடுமின்றியிருந்தது. சில வாரங்கள் கழித்து மீண்டும் சிற்றளவு ஏற்றியதும் 25 நிமிஷங்களில் மாண்டது. ரிஷே தம் எண்ணத்தை விடுத்து உண்மையைப் பற்றினார். காப்புக்கு நேர்மாறான இந்நிலைக்கு 1902-இல் அனபிலாக்ஸிஸ் எனப் பெயரிட்டார். 1913-இல் நோபெல் பரிசு பெற்று, 1935-இல் காலஞ்சென்றார்.

தேனீ கொட்டிச் சிலர் இறப்பதும் இதனாலேயே. அவ்விஷத்திலுள்ள புரதங்களே இக்கேட்டை விளைப்பன என்று பின்வந்தோர் கண்டனர். அவ்விஷத்தையே மிக நுண்ணிய அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றின் பெரும்பாலோர் காப்புறுவர் என்பதும் 1978-இல் வெளியான ஆராய்ச்சியால் நிலைபெற்றது. ரிஷே தேடிய காப்பு இங்ஙனம் கைகூடிற்று. எண்ணத்துக்கு மாறாய் முடிந்த சோதனையை வீணென்று எறியாதிருக்க, நாமும் அவரிடம் கற்போமாக.