குஞ்ஞாலி மரைக்கார்: கடலைக் காத்தவரைக் கரை கைவிட்ட கதை

மரைக்கார் என்ற சொல் எமது பிரதேச மக்களுக்குப் புதியதல்ல. கிழக்கிலங்கையில் ஒவ்வொரு குடியின் சார்பாகவும் பள்ளிவாசல் நிருவாகத்தில் இருப்பவரை எமது மூதாதையர் மரைக்கார் என்றே அழைத்து வந்தனர். மரக்கலம் என்ற சொல்லில் இருந்தே இது பிறந்தது என்பது பலரது கருத்து. அந்தப் பெயரைத் தாங்கி, நான்கு தலைமுறைகளாக ஒரு வல்லரசைக் கடலில் எதிர்த்து நின்ற தளபதிகளின் வரிசையில் கடைசியாக வந்தவர் முஹம்மத் அலி மரைக்கார். வரலாறு அவரை நான்காம் குஞ்ஞாலி மரைக்கார் என்கிறது.

2021 இல் மோகன்லால் நடித்து வெளிவந்த திரைப்படம் மூலமே எமது இளைஞர்களில் பலர் அவரை அறிந்துகொண்டனர். ஆனால் அவரது வாழ்வும் முடிவும் வெறும் வீரக்கதையாகப் பார்த்துவிட்டுக் கடந்து செல்லக் கூடியவை அல்ல.

1498 இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு அருகே வந்திறங்கியபோது, அந்தத் துறைமுகத்தை சாமூத்திரி என்ற பட்டம் கொண்ட இந்து மன்னர் ஆண்டு வந்தார். அரபு நாடுகளுடனான மிளகு வணிகம் பெரும்பாலும் முஸ்லிம்களின் கைகளில் இருந்தது. மன்னருக்கு வருமானம், வணிகருக்குப் பாதுகாப்பு என்று இரு தரப்பும் ஒன்றையொன்று நம்பி வாழ்ந்தன. போர்த்துக்கேயர் உடைக்க முயன்றது இந்த உறவைத்தான். 1502 இல் மக்காவில் இருந்து திரும்பிக்கொண்டிருந்த கப்பல் ஒன்றை, நூற்றுக்கணக்கான பயணிகளுடன் ட காமா தீக்கிரையாக்கினார். பின்னர், தமது அனுமதிச் சீட்டு இல்லாமல் எந்தக் கப்பலும் கடலில் ஓடக்கூடாது என்ற சட்டத்தையும் போர்த்துக்கேயர் கொண்டுவந்தனர்.

வணிகர்களாக இருந்த மரைக்கார்கள் ஆயுதம் ஏந்தியது இந்தச் சூழ்நிலையில்தான். சாமூத்திரி அவர்களைத் தமது கடற்படைத் தலைவர்களாக்கி, குஞ்ஞாலி என்ற பட்டத்தையும் வழங்கினார். போர்த்துக்கேயரின் கப்பல்கள் பெரியவை, பீரங்கிகள் நிறைந்தவை. மரைக்கார்களிடம் இருந்தவை துடுப்பு வலிக்கும் சிறிய, வேகமான படகுகள். ஆற்று முகத்துவாரங்களில் மறைந்திருந்து, பாய்ந்து தாக்கி, பெரிய கப்பல் நுழைய முடியாத ஆழமற்ற நீருக்குள் திரும்பி விடுவார்கள். பலமான எதிரியை அவனுக்குப் பழக்கமில்லாத இடத்தில் சந்திப்பதே அவர்களது போர்முறை.

இந்தப் போர் இலங்கையையும் தொட்டது. 1521 இல் கோட்டே இராச்சியம் மூன்றாகப் பிரிந்த பின்னர், போர்த்துக்கேயரின் ஆதரவு கோட்டை மன்னன் புவனேகபாகுவுக்குக் கிடைத்தது. சீதாவக்கை மன்னன் மாயாதுன்னை சாமூத்திரியிடம் உதவி கேட்டான். மரைக்கார்களின் தலைமையில் கப்பல்கள் வந்தன. அவற்றில் ஒரு பெரும் படை 1538 இல் இராமநாதபுரம் கரையில் உள்ள வேதாளையில் முறியடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு நெருக்கடிக்குள்ளான மாயாதுன்னை, தனக்கு உதவ வந்த மலபார்த் தலைவர்களின் தலைகளைப் போர்த்துக்கேயருக்குக் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டான் என அவர்களது வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன. உதவிக்கு வந்தவரைக் கைவிடுதல் அதற்குப் பிறகும் நிகழ இருந்தது.

மூன்றாம் குஞ்ஞாலியின் காலம் இந்தப் போராட்டத்தின் உச்சம். கள்ளிக்கோட்டைக்குத் தெற்கே சாலியத்தில் போர்த்துக்கேயர் கட்டியிருந்த கோட்டை 1571 இல் வீழ்ந்தது. சாமூத்திரியின் நாயர் படையும் மரைக்கார்களின் கடற்படையும் சேர்ந்து பெற்ற வெற்றி அது. அதன் பின்னர் வடகரைக்கு அருகே, ஆற்று முகத்துவாரத்தில் ஒரு கோட்டை கட்டிக்கொள்ள மன்னர் குஞ்ஞாலிக்கு அனுமதி வழங்கினார்.

விரிசலும் விரைவில் தொடங்கியது. நீண்ட போரால் களைத்த சாமூத்திரி, 1584 இல் போர்த்துக்கேயருடன் சமாதானம் பேசி, பொன்னானியில் அவர்களுக்கு இடம் கொடுத்தார். ஆயுள் முழுவதும் யாருக்கு எதிராகப் போரிட்டார்களோ, அவர்களே மன்னரின் நண்பர்களாவதை மரைக்கார்கள் ஏற்கவில்லை.

1595 இல் நான்காம் குஞ்ஞாலி பொறுப்பேற்றபோது நிலைமை இதுதான். அவர் கோட்டையை மேலும் பலப்படுத்தினார். போர்த்துக்கேயக் கப்பல்கள் அவர் பெயரைக் கேட்டே அஞ்சின. ஆனால் அவர் தம்மை மலபார் முஸ்லிம்களின் அரசர் என்று அழைத்துக்கொண்டதாகவும், சாமூத்திரியின் யானையின் வாலை அறுத்ததாகவும் கதைகள் பரவின. அவற்றில் எவ்வளவு உண்மை, எவ்வளவு எதிரிகள் ஊட்டியது என்பது இருக்கட்டும். தளபதியின் பெருமிதமும் மன்னரின் சந்தேகமும் ஒன்றையொன்று வளர்த்தன. அந்த இடைவெளிக்குள் போர்த்துக்கேயர் நுழைந்தனர்.

அப்போது கோவாவில் ஆளுநராக இருந்தவர் வாஸ்கோ ட காமாவின் கொள்ளுப்பேரன் பிரான்சிஸ்கோ ட காமா. 1599 இல் அவரது சகோதரர் லூயிஸ் தலைமையில், கடலில் போர்த்துக்கேயரும் தரையில் சாமூத்திரியின் படையும் குஞ்ஞாலியின் கோட்டையைத் தாக்கின. சமிக்ஞைக் குழப்பத்தால் தாக்குதல் சிதறியது. போர்த்துக்கேயர் பெரும் இழப்புடன் பின்வாங்கினர்.

மறு ஆண்டு வந்தவர் அந்திரே புர்த்தாதோ த மென்டொன்சா. 1591 இல் யாழ்ப்பாணத்தின் மீது படையெடுத்து அங்கு தமக்கு விருப்பமான அரசனை அமர்த்திய அதே தளபதி. முற்றுகை இறுகியது, உணவு தீர்ந்தது. உயிருக்குப் பாதுகாப்பு அளிப்பதாக சாமூத்திரி கொடுத்த வாக்கை நம்பி, 1600 மார்ச் மாதம் குஞ்ஞாலி வெளியே வந்து தமது வாளை மன்னரிடம் ஒப்படைத்தார். அந்த இடத்திலேயே போர்த்துக்கேயர் அவரைப் பிடித்தனர். வாக்கு மீறப்பட்டதைக் கண்டு கொதித்தவர்கள் சாமூத்திரியின் நாயர் வீரர்களே என்பது கவனிக்கத்தக்கது. கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்ட குஞ்ஞாலியின் தலை வெட்டப்பட்டு, உப்பிடப்பட்டு, மக்களை அச்சுறுத்துவதற்காகக் கண்ணூரில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

இதனால் சாமூத்திரி என்ன பெற்றார்? நான்கு ஆண்டுகள் கழித்து, 1604 இல், அதே போர்த்துக்கேயரை விரட்டுவதற்காக அவர் ஒல்லாந்தருடன் ஒப்பந்தம் செய்ய நேர்ந்தது. சொந்தக் கடற்படையை அழிக்க உதவியவர், அந்நியரின் கப்பல்களை எதிர்பார்த்து நின்றார்.

போர்த்துக்கேயர் குஞ்ஞாலியைக் கடற்கொள்ளையன் என்று எழுதினர். இன்றோ இந்தியக் கடற்படையின் மும்பைத் தளமொன்று அவரது பெயரைத் தாங்கி நிற்கின்றது. 2000 இல் இந்திய அஞ்சல் துறை அவரது நினைவாக முத்திரை வெளியிட்டது. வடகரைக்கு அருகே இரிங்ஙலில் சிறியதொரு நினைவகமும் உண்டு.

எமக்கும் இந்த வரலாற்றில் பங்கு இருக்கின்றது. 1626 இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதிகளில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பிரதேசத்தில் குடியேற்றினான். ஏற்கெனவே இங்கு வாழ்ந்த முஸ்லிம்களுடனும் தமிழர்களுடனும் அவர்கள் கலந்து வாழ்ந்தனர். கல்முனையும் பாண்டிருப்பும் ஒரே கடலைப் பார்த்துக்கொண்டு அடுத்தடுத்து இருப்பது நேற்று வந்த ஏற்பாடு அல்ல.

குஞ்ஞாலியை முஸ்லிம்களின் வீரராக மட்டும் கொண்டாடுவோர், அவரது முன்னோர் ஓர் இந்து மன்னரின் கொடியின் கீழ் போரிட்டதை மறக்கின்றனர். அவரைக் கலகக்காரர் என்று ஒதுக்குவோர், அவரைக் கைவிட்ட மன்னர் அடைந்த நட்டத்தை மறக்கின்றனர். நூறு ஆண்டுகள் பீரங்கிகளால் உடைக்க முடியாத உறவு சந்தேகத்தாலும் வதந்தியாலும் உடைந்தது. காணிக்கும் எல்லைக்கும் பிரதேச செயலகத்துக்குமாக அயலவர்கள் முகம் திருப்பிக்கொள்ளும் இந்தக் கரையில் வாழும் நாம், அதை நினைவில் வைத்திருப்பது நல்லது.