டோர்னக்கல் பேராயர் அசரியா: கூலிகளின் குடிசைகளுக்குக் கிருபையின் செய்தியைக் கொண்டுசென்றவர்

ஐதராபாத்: தெலங்கானாவின் மகபூபாபாத் மாவட்டத்தில் உள்ள டோர்னக்கல், பெரும்பாலோருக்கு ஒரு ரயில் சந்திப்பாக மட்டுமே அறிமுகம். அச்சிற்றூரில் கோயில் மண்டபத்தை நினைவூட்டும் தூண்களும், மசூதிகளுக்குரிய குவிமாடங்களும் மினார்களும் ஒருங்கே அமைந்த கிறிஸ்தவப் பேராலயம் ஒன்று நிற்கிறது. 1939 ஜனவரி 6 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்ட அக்கட்டடத்தின் பின்னணியில் இருந்தவர் ஒரு தமிழர். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா அவர்.

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் 1874 ஆகஸ்ட் 17 அன்று அவர் பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் கிராமத் திருச்சபையின் குருவானவர். தந்தையை இளமையிலேயே இழந்த அசரியாவைத் தாய் எல்லன் கண்டிப்புடன் வளர்த்தார். மெஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் பயின்ற பின், சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்தார். இறுதித் தேர்வு நேரத்தில் நோயுற்றதால் பட்டம் பெறவில்லை. மீண்டும் எழுதவும் முனையவில்லை. பிற்காலத்தில், 1920இல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் வழங்கியது.

1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் செயலாளராகத் தென்னிந்தியா முழுவதும் பயணம் செய்தார். 1902இல் யாழ்ப்பாணம் சென்றது அவருடைய வாழ்க்கையைத் திசைதிருப்பியது. அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல், தாங்களே நிதி திரட்டிக் கடல் கடந்து ஊழியம் நடத்தி வந்தனர். பல தலைமுறைகளாகக் கிறிஸ்தவம் வேரூன்றிய திருநெல்வேலிச் சீமையில் அத்தகைய முயற்சி இல்லையே என்ற கேள்வி அவரை வருத்தியது. அடுத்த ஆண்டு, 1903 பிப்ரவரியில், திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் உருவானது. இந்தியரின் பணம், இந்தியரின் உழைப்பு, இந்தியரின் நிர்வாகம் என்பதே அதன் அடிப்படை. 1905 கிறிஸ்துமஸ் நாளில் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டபோதும் அவர் முன்னணியில் இருந்தார்.

பிறரை அனுப்பிவிட்டுத் தாம் அலுவலகத்தில் அமர்ந்திருப்பது அவருடைய மனச்சான்றை உறுத்தியது. 1909இல் குருப்பட்டம் பெற்று, நிஜாமின் ஆட்சிக்குட்பட்ட டோர்னக்கலுக்குச் சாதாரண மிஷனரியாகக் குடிபெயர்ந்தார். முப்பத்தைந்து வயதில் தெலுங்கைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. மிதிவண்டியிலும் மாட்டுவண்டியிலும் ஊர் ஊராகச் சுற்றினார்.

1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் அவர் ஆற்றிய உரை அரங்கை அதிர வைத்தது. வெள்ளை மிஷனரிகளின் தியாகத்தை அவர் மறுக்கவில்லை. ஆனால் இந்தியச் சக ஊழியரைத் தங்கள் சாப்பாட்டு மேசைக்கு அழைக்கத் தயங்கும் அன்பு எத்தகைய அன்பு என்று வினவினார். பணமும் உழைப்பும் தந்தவர்களிடம் நட்பையும் கேட்டார். சிலர் முகம் சுளித்தனர். பலர் நெடுங்காலம் அதை மறக்கவில்லை.

இரண்டே ஆண்டுகளில், 1912 டிசம்பர் 29 அன்று, கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் அவர் பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டார். அதற்காகப் பாடுபட்டவர் சென்னைப் பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட். இந்தியர் ஒருவரின் அதிகாரத்துக்குக் கீழ்ப்படிய மனமில்லாத ஐரோப்பியர் இருந்ததால், தொடக்கத்தில் ஒரு சிறு பகுதியே அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மறைமாவட்டம் பின்னர் கிருஷ்ணா நதிப் பகுதி வரை விரிந்தது. எனினும் 1945 வரை ஆங்கிலிக்கன் மறைமாவட்டம் ஒன்றை ஆண்ட இந்தியர் அவர் ஒருவர் மட்டுமே. அவர் சந்தித்த தடையின் அளவு அதிலிருந்தே விளங்கும்.

அவரைத் தேடி வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகங்களைச் சேர்ந்த நிலமற்ற கூலிகள். ஊருக்கு வெளியே வாழ்ந்தவர்கள். பொதுக் கிணறும் கோயிலும் மறுக்கப்பட்டவர்கள். தனியாளாக அன்றி, குடும்பம் குடும்பமாக, சில இடங்களில் சேரி முழுவதுமாகக் கிறிஸ்தவத்தை நாடினர். தகுதி பார்த்து மீட்பு வருவதில்லை, அது இறைவன் இலவசமாக அளிக்கும் கொடை என்ற போதனை, பிறப்பினாலேயே தகுதியற்றவர் என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்தவர்களின் காதில் எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

ஆனால் கொடையைப் பெற்றவர் வெறுங்கையோடு இருக்கலாகாது என்பதில் அசரியா உறுதியாக இருந்தார். கிராம உபதேசியார் நெடுநாள் கற்பித்த பின்னரே ஞானஸ்நானம் வழங்கப்பட்டது. விசுவாசப் பிரமாணம், கர்த்தரின் ஜெபம், பத்துக் கட்டளைகள் ஆகியவற்றை எழுத்தறியாதவரும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். ஞானஸ்நானம் பெற்றவர் தமது கையைத் தமது தலைமீது வைத்து, நற்செய்தியைப் பிறருக்குச் சொல்லாவிட்டால் தமக்கு ஐயோ என்னும் பொருள்பட உறுதி கூறும் வழக்கத்தையும் அவர் ஏற்படுத்தினார். நேற்றுவரை ஏவல் மட்டுமே கேட்டுப் பழகிய கூலியின் வாயில் சொல்வதற்கென்று ஒரு செய்தி வந்து சேர்ந்தது.

காணிக்கையிலும் அதே பிடிவாதம். மக்கள் ஏழைகள் என்பதால் கொடுக்க வேண்டியதில்லை என்ற பரிவை அவர் ஏற்கவில்லை. உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்து வைக்கும் திருநெல்வேலி வழக்கம் அவருக்குப் பிறந்த ஊரிலேயே பழக்கம். அறுப்பின் பண்டிகையில் தானியமும் கோழியும் காய்கறியும் ஆலயத்துக்கு வந்து குவிந்தன. கிறிஸ்தவக் காணிக்கை குறித்து அவர் தனி நூலே எழுதினார். அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் விரட்டாமல் மீட்பைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்றும் போதித்தார். ஊழியத்துக்குப் பயிற்சி பெற வந்தவர்களோடு அவர்களுடைய மனைவியரும் பாடம் கற்றனர். கல்லூரிக் கல்வி பெற்றிருந்த அசரியாவின் துணைவியார் அன்பு மரியம்மாள் பெண்களிடையே பெரும்பணி ஆற்றினார்.

எல்லாம் வெற்றியில் முடியவில்லை. மாலாக்களும் மாதிகாக்களும் ஒருவரோடொருவர் உண்ணாத வழக்கம் ஞானஸ்நானத்துக்குப் பின்னும் விடாது தொடர்ந்தது. ஒரே கிண்ணத்தில் திருவிருந்து அருந்தியவர்கள், வீட்டு வாசலில் மறுபடியும் பிரிந்தனர். இதை அவர் கண்டித்துக்கொண்டே இருந்தார்; முற்றிலும் ஒழிக்க அவரால் இயலவில்லை.

வெளியிலிருந்து வந்த எதிர்ப்பு வேறு வகையானது. 1935இல் இந்து மதத்தில் தாம் சாகப்போவதில்லை என்று அம்பேத்கர் அறிவித்ததையடுத்து மதமாற்றம் தேசிய விவாதமானது. ஒடுக்கப்பட்ட மக்கள் கூட்டமாக மதம் மாறுவதைக் காந்தியடிகள் ஏற்கவில்லை. ஆன்மிகத் தேர்வு அதில் இல்லை என்று கருதினார். அம்மக்களால் சிந்தித்து முடிவெடுக்க இயலாது என்று கருதுவதை அசரியா ஒப்பவில்லை. தம் கண்முன் மாறிய வாழ்க்கைகளையே அவர் சான்றாகக் காட்டினார். அதே வேளையில், கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டும் என்ற கோரிக்கையை அவர் எதிர்த்தார். அது தம் மக்களை நாட்டிலிருந்து பிரித்துவிடும் என்பது அவருடைய எண்ணம். அரசியலில் தேசியவாதிகளின் பக்கமும் சமயத்தில் அவர்களுக்கு எதிர்ப்பக்கமும் நின்ற அவரை இரு தரப்பும் முழுமையாகப் புரிந்துகொண்டதாகச் சொல்ல முடியாது.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய இந்திய ஊழியர்களின் மாநாட்டை முன்னின்று நடத்தியவர்களில் அசரியா முக்கியமானவர். ஐரோப்பாவின் பழைய சண்டைகளால் பிரிந்த சபைகளை இந்தியக் கிராமத்தில் ஏன் தனித்தனியே வைத்திருக்க வேண்டும் என்ற கேள்வி அங்கே எழுந்தது. அதன் பின் தொடங்கிய பேச்சுவார்த்தை கால் நூற்றாண்டுக்கும் மேல் நீடித்தது. அசரியா அதற்காக ஓயாமல் உழைத்தார், முடிவைக் காணவில்லை.

1941 வாக்கில் டோர்னக்கல் மறைமாவட்டத்தின் விசுவாசிகள் 2 லட்சத்தைக் கடந்திருந்தனர். 1945 ஜனவரி 1 அன்று, எழுபதாம் வயதில், அசரியா டோர்னக்கலில் காலமானார். ஏறத்தாழ இரண்டே முக்கால் ஆண்டுகளுக்குப் பின், 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானது. அதன் மறைமாவட்டங்களுள் ஒன்றாக டோர்னக்கலும் இணைந்தது.