மின்னல் வேக டாக்டர்

ராபர்ட் லிஸ்டன் கத்தியை எடுத்தால், மாணவர்கள் கடிகாரத்தை எடுப்பார்கள்!

ஸ்காட்லாந்தில் 1794-ல் பிறந்தவர். எடின்பரோவில் பேர் வாங்கி, லண்டனுக்குப் போனார். ஆறடிக்கு மேல் உயரம். அப்போது ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கிடையாது. நோயாளியை ஆட்கள் அமுக்கிப் பிடிப்பார்கள். அலற அலற அறுக்க வேண்டும். கேட்டாலே குலை நடுங்குகிறது, இல்லையா? சீக்கிரம் முடிப்பதே பெரிய தயவு.

1846 டிசம்பர் 21-ந் தேதி. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆஸ்பத்திரி. ஒரு பட்லரின் காலை எடுக்க வேண்டும். ஈதர் என்ற மருந்தின் ஆவியை அவர் சுவாசிக்கும்படி செய்தார்கள். மயங்கினார். லிஸ்டன் பழக்க தோஷத்தில் அரை நிமிஷத்துக்குள் காலை எடுத்துவிட்டார். சத்தமே இல்லை! கண் விழித்த பட்லர், ஆபரேஷன் எப்போது என்று கேட்டாராம்.

இனி நிதானமாகவே அறுக்கலாம். அந்த நிதானத்தைப் பழக லிஸ்டனுக்குத்தான் நாள் இல்லை. 1847 டிசம்பரில் இறந்தார். வயது 53.