யூரியா மூட்டையும் லீ சாட்லியரும்

எங்க ஊர் நெய்க்காரப்பட்டி. பழனிக்குப் பக்கம். லீவுல அப்பாவோட கரும்புக்கு யூரியா வைக்கப் போனேன். மூட்டையைப் பிரிச்சதும் ஞாபகத்துக்கு வந்தவர், நாமெல்லாம் பரீட்சைக்கு மட்டும் மனப்பாடம் செய்யும் ஹென்றி லீ சாட்லியர்!

1850-ல் பாரிஸில் பிறந்தவர். அப்பா என்ஜினீயர். 1869-ல் இவர் சேர்ந்த கல்லூரியின் பெயரும் பாலிடெக்னிக்தான் (ஆனா அங்க சீட் கிடைக்கிறது குதிரைக் கொம்பு). பிறகு சுரங்கக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். சிமெண்ட் ஏன் இறுகுது என்று ஆராய்ந்தார். உலைச் சூட்டை அளக்க பிளாட்டினம், ரோடியம் கம்பிகளில் தெர்மோகப்பிள் செய்தார்.

1884-ல் சொன்னதுதான் அந்த விதி. சமநிலையில் இருக்கும் ஒரு வினையை நாம் தொந்தரவு செய்தால், அது அந்தத் தொந்தரவைக் குறைக்கும் பக்கமாகவே நகரும். சோடா பாட்டிலைத் திறந்ததும் புஸ்ஸுன்னு பொங்குதே, அதுவும் இதுதான். அழுத்தம் குறைஞ்சது, கரைஞ்சிருந்த வாயு வெளியே வந்தது.

இது தெரியாமல் இங்கிலாந்தில் நிறைய பணம் வீணானது. இரும்பு உலைப் புகையில் கார்பன் மோனாக்சைடு மிச்சமாகப் போகிறதே, தாதுவோடு இன்னும் கொஞ்ச நேரம் சேர்ந்திருந்தால் தீர்ந்துவிடும் என்று உலைகளை உயரமாகக் கட்டிப் பார்த்தார்கள். மிச்சம் குறையவே இல்லை. வினை சமநிலைக்கு வந்தபின் உலையை எவ்வளவு உசத்தினால் என்ன? இதை எடுத்துக்காட்டியவரும் லீ சாட்லியர்தான்.

இப்போ யூரியாவுக்கு வர்றேன். மணலியிலும் தூத்துக்குடியிலும் யூரியா செய்வது அமோனியாவிலிருந்து. ஒரு பங்கு நைட்ரஜன், மூன்று பங்கு ஹைட்ரஜன், நாலும் சேர்ந்து இரண்டு பங்கு அமோனியா. இடம் சுருங்குவதால் அழுத்தினால் அமோனியா கூடும். வெப்பம் வெளிவிடும் வினை, அதனால் சூடு ஏறினால் குறையும். ஆனா சூடே இல்லேன்னா வினை நகராது! அதுக்குத்தான் வினையூக்கி. தன் விதியை நம்பி 1901-ல் லீ சாட்லியரே இரும்பை வினையூக்கியாக வைத்து, 200 வளிமண்டல அழுத்தத்தில் முயன்றார். கருவிக்குள் காற்று கலந்திருந்தது. பயங்கர வெடிப்பு. உதவியாளர் மயிரிழையில் உயிர் பிழைத்தார்.

அத்தோடு அந்த வேலையை விட்டுவிட்டார். ஒரு ஆள் உயிர் போகப் பார்த்தபின் யாருக்குத்தான் மனசு வரும்? அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரலை. ஆனா கோளாறு விதியில் இல்லை, உள்ளே புகுந்த காற்றில்தான்.

1909-ல் ஜெர்மனியின் ஹேபர் அதையே செய்து காட்டினார். 1913-ல் ஓப்பாவில் தொழிற்சாலையே ஓட ஆரம்பித்தது. 1918-க்கான நோபல் பரிசு ஹேபருக்குப் போனது.

லீ சாட்லியர் 1936 செப்டம்பரில், 85 வயதில் இறந்தார். அதற்குச் சற்று முன்புதான், அமோனியாவைக் கைநழுவ விட்டதே தன் ஆராய்ச்சி வாழ்க்கையின் மிகப்பெரிய தவறு என்று ஒப்புக்கொண்டார்.