எளியோருக்கு வானத்தைத் திறந்த ஹென்றி மின்யே

வீட்டிலேயே சிறு விமானமொன்றை அமைத்து, குறுகிய புல்வெளியிலிருந்து மேலெழுந்து பறக்க வேண்டுமென்ற ஆவல் இன்று பல நாடுகளில் பலரிடம் காணப்படுகின்றது. கண்ணாடியிழையையும் கார்பன் இழையையும் பிசினுடன் சேர்த்து உருவாக்கப்படும் இலேசான பாகங்கள் அம்முயற்சியை இலகுவாக்கியுள்ளன. ஆனால், மரமும் துணியும் மட்டுமே கைவசமிருந்த காலத்திலேயே சாதாரண மனிதனுக்கும் வானத்தில் பங்குண்டு என வாதிட்டவர் பிரான்ஸ் நாட்டவரான ஹென்றி மின்யே. அவரது வாழ்க்கை பெருமைக்குரியது மட்டுமன்றி, எச்சரிக்கையும் ஆகும்.

1893 ஆம் ஆண்டு மேற்குப் பிரான்ஸில் பிறந்த மின்யே, முதலாம் உலகப் போரில் வானொலித் தொடர்புப் பணியில் ஈடுபட்டவர். வழமையான விமானத்தில் கையும் காலும் ஒருங்கே இயங்கிச் செலுத்தும் முறை அவருக்கு எளிதில் கைவரவில்லை. பிழை தம்மிடம் அல்ல, இயந்திரத்தின் அமைப்பிலேயே உள்ளது என்ற முடிவுக்கு அவர் வந்தார். அந்த முடிவே அவரது வாழ்வின் திசையைத் தீர்மானித்தது எனலாம்.

பல முயற்சிகளின் பின்னர், அவரது பதினான்காம் இலக்க விமானம் 1933 செப்டெம்பரில் பறந்தது. மனைவியுடன் கூடாரமடித்துத் தங்கி அதனை அவர் பரீட்சித்தார். சுமார் 6 மீற்றர் அகலமும் 17 குதிரை வலுக் கொண்ட சிறு இயந்திரமும் உடைய அவ்விமானத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இரு சிறகுகள் இருந்தன. காலால் மிதிக்கும் கட்டுப்பாடுகள் எவையும் இருக்கவில்லை. ஒரே கைப்பிடியால் முன்சிறகின் சாய்வை மாற்றி ஏறவும் இறங்கவும், சுக்கானை அசைத்துத் திரும்பவும் முடிந்தது. பிரெஞ்சு மொழியில் 'வானத்துப் பேன்' எனப்பட்ட அதனை ஆங்கிலேயர் 'பறக்கும் தெள்ளு' என அழைத்தனர்.

பெட்டியொன்றுக்கு ஆணி அடிக்கத் தெரிந்தவரும் இதனை அமைக்கலாம் என்பதே மின்யேயின் நிலைப்பாடு. அமைக்கும் விதத்தை விளக்கி 1934 இல் அவர் வெளியிட்ட நூலைக் கண்டு, கொட்டகைகளில் வாளும் உளியும் ஒலிக்கத் தொடங்கின. 1935 ஆகஸ்ட்டில் அதே வகை விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து அவர் இங்கிலாந்தில் தரையிறங்கியபோது அந்த ஆர்வம் உச்சத்தை எட்டியது.

ஆயினும், விரைவிலேயே மரணச் செய்திகள் வரத் தொடங்கின. தலைகுப்புறப் பாய்ந்த சில விமானங்கள் மீண்டும் நிமிரவேயில்லை. 1936 இல் பிரான்ஸிலும் இங்கிலாந்திலும் காற்றுச் சுரங்கங்களில் நடத்தப்பட்ட சோதனைகள் காரணத்தை வெளிப்படுத்தின. முகப்பு ஓர் அளவுக்கு மேல் கீழ்நோக்கிச் சாயும்போது, நெருங்கி அமைந்த இரு சிறகுகளுக்கும் இடையே பாயும் காற்று பின்சிறகையே மேலும் தூக்கியது. கைப்பிடியை முற்றாகப் பின்னிழுத்தும் முகப்பு உயரவில்லை. பிரித்தானியாவில் அவ்விமானங்களுக்கான அனுமதி நிறுத்தப்பட்டது.

தாம் பறந்தபோது நேராத தீங்கு பிறருக்கும் நேராது என மின்யே நம்பியிருந்தார். ஆனால் வெவ்வேறு கைகள் வெவ்வேறு இயந்திரங்களைப் பொருத்தி அமைத்த விமானங்கள், அவர் பறந்த விமானத்தைப் போன்றே நடந்துகொள்ளும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இருக்கவில்லை. வரைபடத்தைக் கொடுப்பவர், அதனை நம்பிச் செயற்படுவோரின் உயிரையும் பொறுப்பேற்கின்றார் என்பதை நாம் இங்கு மறந்துவிடலாகாது. நல்லெண்ணம் ஒருபோதும் பரிசோதனைக்கு ஈடாகாது.

எனினும், அவர் தமது பணியைக் கைவிட்டு ஒதுங்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. சிறகின் வடிவமும் இடைவெளியும் திருத்தப்பட்டன. கடல் கடந்த நாடுகளிலும் பணியாற்றிப் புதிய மாதிரிகளை உருவாக்கிய அவர், 1965 இல் காலமானார். அவரது இரட்டைச் சிறகு முறையைத் தழுவிய இலேசான விமானங்கள் பின்னரும் பறந்தன.

அறிவு ஒரு சிலரின் தனியுடைமையன்று என்ற அவரது நம்பிக்கையை நாம் மதிக்கின்றோம். அதேவேளை, பகிரப்படும் அறிவு முதலில் கடுமையாகச் சோதிக்கப்பட வேண்டும் என்பதையும் அவரது கதை எமக்கு உணர்த்துகின்றது. அந்தப் பாடத்துக்கான விலையைக் கொடுத்தவர்கள், அவரை நம்பிய எளிய மனிதர்களே.