கார்ல் எல்ஸனர்: ஒரு கத்தித் தொழிலாளரின் சரிதம்

ஒரு நாட்டின் பெயர் உலகெங்கும் பரவுதற்கு வீரரும் புலவரும் அரசியலறிஞரும் காரணராதல் இயல்பு. ஸ்விட்ஸர்லாந்து என்னும் சிறு நாட்டின் பெயரையோ, தூர தேசத்துச் சிறுவரும் அறியுமாறு செய்த பொருள்களுள் ஒன்று சட்டைப் பையில் அடங்கும் மடக்குக் கத்தியாகும். செந்நிறப் பிடியும், அதன்மீது கேடயத்துட் பொறித்த வெண்சிலுவையும், பிடிக்குள் மடங்கிக் கிடக்கும் பல அலகுகளும் உடைய அக்கத்தியைக் கண்டிராதார் நம்முள் சிலரே. சாரணர் பாசறைகளிலும், மலையேறுவோர் மூட்டைகளிலும், கத்தி சேகரிப்போர் பேழைகளிலும் அது நெடுங்காலமாக இடம்பெற்று வருகின்றது. அதனை ஆக்கியவர் கார்ல் எல்ஸனர் என்பவர். கத்தியை அறிந்தார் பலர். அது பிறத்தற்கு முன் அவர் தம் பொருளனைத்தையும் இழந்து நின்ற வரலாற்றை அறிந்தார் மிகச் சிலர். அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

எல்ஸனர் 1860ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 9ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பல்தஸார் என்பவர் தொப்பி செய்யும் தொழிலினர். தாயார் விக்டோரியா அம்மையார் ஸூக் என்னும் நகரில் தொப்பிக் கடை நடத்தி வந்தார். தந்தையின் தொழிலை மைந்தர் மேற்கொள்வதே வழக்கமாயிருந்த அக்காலத்தில், எல்ஸனரின் மனம் எஃகின்பாற் சென்றது. கத்தி செய்வோர் ஒருவரிடம் மாணாக்கராய் அமர்ந்து அவர் தொழில் பயின்றார். பயிற்சி முடிந்தபின் ஊர் ஊராகச் சென்று, பிறர் பட்டறைகளிற் கூலிக்கு உழைத்துக் கைத்திறனை முதிர்வித்தல் அந்நாட்டுத் தொழிலாளர் மரபு. அம்மரபின்படி அவர் பாரிஸ் மாநகரிலும், அறுவைக் கருவிகளுக்குப் பெயர்பெற்ற ஜெர்மானிய ஊராகிய டுட்லிங்கனிலும் தங்கித் தேர்ச்சியுற்றார்.

1884ஆம் ஆண்டில் அவர் தாய்நாடு திரும்பி, ஷ்வீஸ் மாகாணத்தில் உள்ள இபாக் என்னும் சிற்றூரில் ஒரு பட்டறை நிறுவினார். அவ்வூரை யடுத்து ஓடும் டோபல்பாக் என்னும் ஓடையே அவருக்குக் கிடைத்த பெருந்துணை. நீராவி யந்திரம் வாங்கப் பொருளில்லாத அவருக்கு, அவ்வோடை நீரே சக்கரத்தைச் சுழற்றிச் சாணைகளை ஓட்டியது. ஸ்விட்ஸர்லாந்து இன்று செல்வ நாடு. அன்றோ அம்மலைநாட்டில் வேலையின்மை மிகுந்திருந்தது. பிழைப்புத் தேடிக் கடல்கடந்து சென்ற குடும்பங்கள் பல. தம் பட்டறையால் ஊரார் சிலரேனும் ஊரிலேயே இருந்து பிழைக்க வழி பிறத்தல் வேண்டும் என்பது எல்ஸனரின் உள்ளத்து வேட்கை. அவர் வாழ்வின் பிற்பகுதியை விளங்கிக்கொள்வதற்குத் திறவுகோல் இவ்வேட்கையே யாகும்.

இந்நிலையில் ஸ்விஸ் சேனையார் தம் வீரர் ஒவ்வொருவர்க்கும் ஒரு மடக்குக் கத்தி அளிக்கத் தீர்மானித்தனர். 1889ஆம் ஆண்டில் அச்சேனை ஏற்றுக்கொண்ட புதிய துப்பாக்கியைப் பிரித்துத் துடைப்பதற்குத் திருப்புளி வேண்டியிருந்தது. வீரர்க்கு உணவு தகர டப்பாக்களில் வரத் தொடங்கியதால், அவற்றைத் திறக்க ஒரு கருவியும் வேண்டியதாயிற்று. ஆகவே அறுப்பதற்கு ஓர் அலகு, டப்பா திறக்கும் கருவி, திருப்புளி, தோலிலும் மரத்திலும் துளையிடும் தமரூசி ஆகிய நான்கும், கருநிறமூட்டிய ஓக் மரப் பிடியும் கொண்ட கத்தி வகுக்கப்பட்டது. 1890ஆம் ஆண்டு மாதிரி என்பது அதற்கிட்ட பெயர். ஆனால் அத்துணைக் கத்திகளை விரைந்து செய்து கொடுக்கவல்ல தொழிற்சாலை அந்நாட்டில் அப்பொழுது ஒன்றேனும் இல்லை. எனவே முதற் கத்திகள் ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரத்திலிருந்து வரவழைக்கப்பட்டன.

தம் நாட்டு வீரன் பையில் அயல்நாட்டுக் கத்தி இருப்பதை எல்ஸனர் பொறாராயினார். தனியொருவரால் ஆகாததைப் பலர் கூடிச் செய்யலாமெனக் கருதி, 1891ஆம் ஆண்டில் நாடெங்குமிருந்த கத்தித் தொழிலாளரைத் திரட்டி ஒரு சங்கம் அமைத்தார். ஏறத்தாழ இருபத்தைந்து பேர் அதில் இணைந்தனர். அவ்வாண்டிலேயே அவர்கள் செய்த கத்திகள் சேனைக்குச் சென்றன. எண்ணியது கைகூடிற்று என்றே எல்லோரும் மகிழ்ந்தனர்.

அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஸோலிங்கனில் பெரிய ஆலைகள் இருந்தன. யந்திர உதவியால் அவை குறைந்த விலைக்குக் கத்தி விற்றன. சிறு பட்டறையிற் கையால் உழைப்பவர் அவ்விலைக்கு விற்பின் முதலுக்கே நஷ்டம் நேரும். ஓராண்டு கழிவதற்குள் சங்கத்தினர் ஒருவர்பின் ஒருவராக விலகினர். அவர்களைக் குறைகூறுதற்கில்லை, அவரவர்க்கும் காப்பாற்ற வேண்டிய குடும்பம் இருந்தது. எல்ஸனர் ஒருவரே விலகாது நின்றார். நின்றதன் பயன், கைப்பொருள் முழுதும் கரைந்து, கடன் கழுத்தளவு ஏறியதே. உறவினர் கைகொடுத்திராவிடின் அன்றே பட்டறையின் கதவு மூடப்பட்டிருக்கும்.

இத்தகைய இடுக்கணில் மனிதர் செய்வன இரண்டு: ஒன்று, தொழிலைக் கைவிடுதல், மற்றொன்று, தம்மை வென்றவரைத் தூற்றிக் காலங்கழித்தல். எல்ஸனர் இவ்விரண்டும் செய்திலர். தாம் செய்த கத்தியையே எடுத்து அதன் குற்றங்களை ஆராய்ந்தார். வீரர் கத்தி உறுதியானது, ஐயமில்லை. ஆயினும் பருமனும் எடையும் மிக்கது. பள்ளி மாணவர்க்கு ஒன்று, படைப்பயிற்சி பெறும் இளைஞர்க்கு ஒன்று, உழவர்க்கு ஒன்று எனப் பயன்படுத்துவார்க்கேற்பக் கத்திகளை வேறு வேறாக அவர் வகுக்கலானார். இவற்றுள் தலைசிறந்தது அதிகாரிகளுக்கும் விளையாட்டினர்க்கும் என்று அவர் இயற்றிய கத்தி. 1897ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12ஆம் நாள் அதன் அமைப்புச் சட்டப்படி பதிவு செய்யப்பெற்றது.

அவ்வமைப்பின் நுட்பம் அறியத்தக்கது. மடக்குக் கத்தியில் ஒவ்வோர் அலகின் அடியும் பிடிக்குள் இருக்கும் ஓர் எஃகு வில்லின்மேல் அழுந்தி நிற்கும். திறக்கும்போதும் மடக்கும்போதும் சுளீரென்று அலகு தன் இடத்தில் அமர்வது அவ்வில்லின் ஆற்றலாலேயே. அலகுகள் மிகுந்தால் விற்களும் மிகும். விற்கள் மிகுந்தாற் கத்தி பருக்கும். எல்ஸனரோ ஒரே வில்லின் இருபுறத்தையும் பயன்படுத்தினார். கீழ்ப்புறத்தில் அலகுகளும், அதே வில்லின் மேற்புறத்தில் பிற கருவிகளும் அழுந்துமாறு அமைத்தார். இதனால் இரண்டே விற்கள் ஆறு கருவிகளைத் தாங்கின. பழைய நான்கினோடு ஒரு சிறிய அலகும், தக்கை பிடுங்கும் திருகும் சேர்ந்தும், புதிய கத்தி பழையதைவிட இலேசாகவும் வடிவாகவும் இருந்தது.

இவ்விடத்து வியப்பான செய்தி ஒன்றுண்டு. எந்தச் சேனையின் பொருட்டு எல்ஸனர் தம் செல்வத்தை இழந்தாரோ, அச்சேனை இப்புதிய கத்தியை வீரர்க்கு வழங்க ஏற்கவில்லை. அதிகாரிகளே அதன் அருமை கண்டு தத்தம் சொந்தப் பணத்தால் வாங்கினர். அரசாங்கத்தின் ஆணையின்றி, வாங்கியவர் சொல்லால் அதன் புகழ் பரவிற்று. கடனும் தீர்ந்தது.

1908ஆம் ஆண்டில் சேனைக் கத்தியின் கொள்முதல், எல்ஸனர் தொழிற்சாலைக்கும் ஜூரா மலைப்பகுதியிலிருந்த மற்றொரு ஸ்விஸ் தொழிற்சாலைக்கும் சரிபாதியாகப் பகிரப்பட்டது. மறு ஆண்டில் அவர்தம் அன்னையார் காலமானார். மகனுக்குத் தொடக்கத்தில் உற்ற துணையாயிருந்த அவ்வம்மையார் நினைவாக விக்டோரியா என்னும் பெயரைத் தம் கத்திகளுக்கு எல்ஸனர் சூட்டினார். கேடயமும் சிலுவையும் அடையாளமாயின. 1918ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26ஆம் நாள், தமது ஐம்பத்தெட்டாம் வயதில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். 1921ஆம் ஆண்டில் துருப்பிடிக்காத எஃகு கையாளப்பட்டபோது, அவ்வெஃகின் பிரெஞ்சுப் பெயர்க் குறுக்கமாகிய இனாக்ஸ் என்பதை அன்னையின் பெயரோடு சேர்த்து விக்டோரினாக்ஸ் என்று வழங்கலாயினர்.

அதற்கு முன்னரே சாரணர் இயக்கம் தோன்றியிருந்தது. 1907ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரௌன்ஸீ தீவில் நடந்த முதற் பாசறைக்குப் பின் அது பல நாடுகளிலும் பரவியது. அமெரிக்கச் சாரணர்க்கென அந்நாட்டிலேயே செய்யப்பெற்ற பாசறைக் கத்திகளை நோக்கின், அலகு, டப்பா திறப்பான், திருப்புளி, தமரூசி என்ற அந்நான்கே இருத்தல் காணலாம். வீரனாயினும் சிறுவனாயினும் வீட்டைவிட்டு வெட்டவெளியில் தங்குவோன் தேவை ஒன்றே போலும். இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945ஆம் ஆண்டிற்குப் பின், ஐரோப்பாவிலிருந்த அமெரிக்க வீரர்கள் எல்ஸனரின் கத்திகளை ஏராளமாக வாங்கி ஊருக்குக் கொண்டு சென்றனர். ஜெர்மானியப் பெயர் அவர் நாவிற்கு எளிதில் வாராமையால் ஸ்விஸ் சேனைக் கத்தி என்றனர், அப்பெயரே நிலைத்தது. சேனை ஏற்காத கத்திக்குச் சேனையின் பெயரே வந்து வாய்த்தது!

இன்று இவற்றைத் தேடிச் சேகரிப்போர் பலர். ஓக் மரப் பிடியுள்ள பழங்கத்தி ஒன்று கிடைத்தால் அதனைப் பெருஞ்செல்வமாகப் போற்றுவர். எனினும் பேழையில் உறங்கும் கத்தியினும், நாள்தோறும் கயிறறுத்துப் பழஞ்சீவித் தேய்ந்த கத்தியே எல்ஸனரின் கருத்துக்கு உகந்ததென்னலாம். கூர்மழுங்காது தீட்டியும், மூட்டுகளில் ஒரு துளி எண்ணெயிட்டும், தடை செய்யப்பட்ட இடங்களுக்குக் கொண்டு செல்லாதும், பிறர் அஞ்சக் காட்டாதும் வைத்திருப்பவரே அதனை உடையராதற்கு உரியர்.

மாணவ நண்பர்களே! 2001ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் நிகழ்ந்த கொடுஞ்செயலின் பின், விமானப் பயணிகள் கத்தியை உடன்கொண்டு செல்வது தடுக்கப்பட்டது. இபாக் தொழிற்சாலையின் விற்பனை திடீரென வீழ்ந்தது. அப்பொழுது அதனை நடத்தியோர் தொழிலாளரை வேலையிலிருந்து நீக்கவில்லை. வேலை மிகுந்திருந்த பிற நிறுவனங்களுக்குச் சிலரைச் சிலகாலம் இரவலாக அனுப்பி, எல்லோரையும் காத்தனர். ஊரார் ஊரிலேயே பிழைக்க வேண்டும் என்று 1884ஆம் ஆண்டில் ஓடைக்கரையில் ஒருவர் கொண்ட எண்ணம், அவர் மறைந்து எண்பது ஆண்டுகள் கடந்த பின்னும் பலித்ததென்றால், அதனினும் சிறந்த நினைவுச் சின்னம் அவருக்கு வேறு வேண்டுமோ? எல்ஸனர் நாடாண்டாரல்லர், நூலியற்றினாரல்லர். எடுத்த சிறு தொழிலை இழப்பு வந்தகாலும் விடாது பற்றி, அதனைத் திருத்தமுறச் செய்தார். அத்துணையே அவர் செய்தது. அதுவே அவர் பெருமை.