டெக்சாஸ் எல்லையும் இறக்காமக் குளமும்: சேர் ஹென்றி ஜோர்ஜ் வார்ட் வரலாறு

நம் கல்லூரியிற் பயின்ற காலத்தில் இலங்கைத் தேசாதிபதிகளின் பெயர்களை வரிசையாக மனனஞ் செய்தவர்கள் இம்மலரை வாசிப்போருட் பலர் இருப்பர். நோர்த், மெயிற்லண்ட், பிறவுண்றிக், பார்ண்ஸ் என்று செல்லும் அந்நிரலில் அண்டர்சனுக்கு அடுத்து வருபவர் சேர் ஹென்றி ஜோர்ஜ் வார்ட். பரீட்சைக்கு வேண்டியவை அவரைப் பற்றிய இரண்டே குறிப்புகள். ஒன்று, 1856 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம். மற்றது, 1858 இற் புகையிரதப் பாதைக்கு முதல் மண் வெட்டியமை. அவற்றை எழுதிப் புள்ளி பெற்றபின் அவரை மறந்துவிட்டோம்.

ஆயினும், அக்கரைப்பற்றுக்கு மேற்கே இறக்காமத்துக் குளக்கட்டில் ஒரு மாலைப்பொழுது நின்று, கீழே விரிந்துகிடக்கும் வெள்ளாமையைப் பார்த்தவருக்கு அப்பெயரை மறத்தல் அரிது. பண்டை மன்னர் காலத்ததாய், பின்னர் பழுதுற்றுக் கிடந்த அக்குளத்தைத் திருத்துவித்தவர் வார்ட். அவர் கிழக்கிலங்கைக்கு வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன் மெக்சிக்கோ நாட்டிலிருந்து, அமெரிக்கர் மேற்கு நோக்கிப் பரந்த வரலாற்றின் தொடக்கத்தைக் கண்ணாரக் கண்டவர் என்பதோ நம் பாடப்புத்தகங்களில் இல்லாத செய்தி. குடியேற்றம், அடிமைத்தனம், பாதை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்த ஒரு நூற்றாண்டில், அம்மூன்றோடும் கைகலந்த ஒருவரின் வாழ்க்கை இது.

வார்ட் 1797 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 27 ஆந் திகதி இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையாராகிய றொபேட் பிளூமர் வார்ட் அரசியல்வாதியும் நாவலாசிரியருமாவார். ஹரோ பாடசாலையிற் கற்ற மகன், 1816 இல் தூதரகச் சேவையிற் சேர்ந்து, ஸ்ரொக்ஹோம், ஹேக், மட்ரிட் ஆகிய நகரங்களிற் சிறு பதவிகளை வகித்தார். ஸ்பானிய மொழிப் பயிற்சி அவருக்குக் கைகொடுத்தது. 1821 இல் ஸ்பெயினின் ஆட்சியினின்றும் விடுபட்ட மெக்சிக்கோவின் நிலையை ஆராயும்படி, வெளிநாட்டு மந்திரி கனிங் 1823 இல் அனுப்பிய தூதுக்குழுவில் அவரும் ஒருவரானார். அடுத்த ஆண்டு தாயகம் மீண்டு எமிலி சுவின்பேண் என்னும் பெண்மணியை மணந்துகொண்டு, 1825 இற் பிரித்தானிய அரசின் பிரதிநிதியாக மறுபடியும் அங்கே சென்றார். அவ்வம்மையார் கணவருடன் கரடுமுரடான மலைவழிகளிலே பயணஞ்செய்து, வெள்ளிச் சுரங்கப் பட்டினங்களைச் சித்திரமாக வரைந்தார். அச்சித்திரங்கள் பின்னர் நூலாகவும் வெளிவந்தன.

அக்காலத்து மெக்சிக்கோவின் வடபுற எல்லைப் பகுதிகளுள் ஒன்று டெக்சாஸ். பரந்த நிலம், ஆட்சியாளரின் கணக்கிற் குடிகள் மிகச் சிலர். அங்கே வாழ்ந்த செவ்விந்தியப் பழங்குடிகளை அக்கணக்கிற் சேர்ப்பார் இல்லை. வெறுநிலமாகத் தோன்றிய அதனை நிரப்புவதற்கு, ஐக்கிய அமெரிக்க நாட்டிலிருந்து குடிகளை அழைத்துவரும் உரிமையை ஸ்டீபன் ஓஸ்டின் முதலியோருக்கு அரசாங்கம் வழங்கிற்று. வந்தவர்களுட் பெரும்பாலார் தென் மாநிலத்துப் பருத்திச் செய்கையாளர். அவர்கள் தனித்து வரவில்லை. தாம் விலைகொடுத்து வாங்கிய நீக்ரோ அடிமைகளையும் உடன்கொண்டு வந்தனர். ஓஸ்டினின் தொடக்கத் திட்டத்தின்படி குடும்பத் தலைவனுக்கு 640 ஏக்கர், மனைவிக்கு 320, பிள்ளைக்கு 160, கொண்டுவரும் ஒவ்வோர் அடிமைக்கும் 80 ஏக்கர் என்று கணக்கிடப்பட்டது. அடிமைக்கு என்றால் அடிமைக்கன்று, அவனை உடையவனுக்கு. 1825 இல் ஓஸ்டினின் குடியேற்றத்தில் ஏறத்தாழ 1,800 பேர் இருந்தனர். அவர்களுள் 443 பேர் அடிமைகள்.

இதன் முடிவு எங்கே சென்று சேரும் என்பதை வார்ட் விரைவில் உணர்ந்துகொண்டார். மொழியாலும் சமயத்தாலும் வழக்கத்தாலும் மெக்சிக்கோவுடன் ஒட்டாத ஒரு சமுதாயம் எல்லைப்புறத்தில் வேரூன்றினால், நிலம் முதலிற் கைமாறும், கொடி பின்னர் மாறும் என்பது அவர் கணிப்பு. ஐக்கிய அமெரிக்காவின் தூதராக 1825 இல் அங்கு வந்த ஜோயல் பொயின்செற், டெக்சாஸை விலைக்கு வாங்கவும் எல்லையை மேற்கே தள்ளவும் முயன்றுகொண்டிருந்தார். (நுவரெலியாப் பங்களாக்களின் வேலியோரத்தில் மார்கழியிற் சிவந்து நிற்கும் பொயின்செற்றியா என்னும் செடிக்குப் பெயர் கொடுத்தவர் இவரே.) ஜனாதிபதி குவாதலூப் விக்டோரியாவின் நட்பைப் பெறுவதில் இருவருக்கும் கடும் போட்டி நிகழ்ந்தது. வார்ட் இடைவிடாது எச்சரித்து வந்ததன் பயனாக, எல்லைப்புறத்தை நேரிற் சென்று ஆராயும்படி தளபதி மனுவேல் தெரான் என்பவரின் தலைமையில் ஒரு குழு நியமிக்கப்பட்டு, 1827 இன் பிற்பகுதியிற் புறப்பட்டது. அதற்குள் வார்ட் திருப்பி அழைக்கப்பட்டுவிட்டார்.

அவரது எச்சரிக்கை அடிமைகளின்பாற் கொண்ட இரக்கத்தால் எழுந்தது என்று சொல்ல நான் துணியேன். பிரித்தானிய வாணிபத்துக்கும் சுரங்க முதலீட்டுக்கும் போட்டியாளர் எழாமற் காப்பதே அவருடைய கடமை. ஆயினும் அவர் கணிப்புத் தவறவில்லை. 1829 இல் மெக்சிக்கோ அடிமைத்தனத்தை ஒழித்தது. டெக்சாஸோ விலக்குப் பெற்றது. அதற்கு முன்னரே குடியேறிகள் ஒரு தந்திரம் கண்டிருந்தனர். அடிமையை எல்லை கடத்துமுன், அவன் தன்னிச்சையாக வேலைக்கு அமர்ந்த கூலியாள் என்றும், தன் விலையையும் வழிச்செலவையும் உழைத்துத் தீர்க்கும்வரை எசமானை விட்டகலான் என்றும் ஓர் ஒப்பந்தப் பத்திரம் எழுதி, அதில் அவனைக் கைந்நாட்டு இடச்செய்தனர். கூலியோ சொற்பம், கடனோ ஆயுளுக்கும் தீராதது. 1828 இல் மாநில அரசாங்கமும் இத்தகைய ஒப்பந்தங்களை ஏற்றுக்கொண்டது. பெயர் மாறிற்று, விலங்கு மாறவில்லை. வாசகர் இப்பத்திரத்தைச் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

1830 இல் அமெரிக்கக் குடியேற்றத்தைத் தடுக்க மெக்சிக்கோ சட்டமியற்றியது, காலங் கடந்துவிட்டது. 1836 இல் டெக்சாஸ் பிரிந்தது. 1845 இல் ஐக்கிய அமெரிக்காவுடன் இணைந்தது. 1846 இல் மூண்ட யுத்தத்தின் பயனாக 1848 இல் கலிபோர்னியா வரையுள்ள நிலமெல்லாம் மெக்சிக்கோவின் கையை விட்டகன்றது. 1860 ஆம் ஆண்டின் குடிமதிப்பில் டெக்சாஸின் அடிமைகள் 1,82,566 பேர்.

இங்கிலாந்து மீண்ட வார்ட், மெக்சிக்கோவைப் பற்றி இரு பாகங்களில் ஒரு நூலை 1828 இல் வெளியிட்டார். 1832 இற் பாராளுமன்றம் புகுந்து, முதலிற் சென்ற் ஆல்பன்ஸ் தொகுதிக்கும், பின்னர் செவ்வீல்ட் தொகுதிக்கும் பிரதிநிதியாய் 1849 வரை இருந்தார். சீர்திருத்தக் கட்சியினருள்ளும் தீவிரவாதி என்று பெயரெடுத்தவர். அவர் சபை புகுந்த மறு ஆண்டிலேயே அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறிற்று. அச்சட்டத்தினின்று கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதேசங்களும், சென்ற் ஹெலீனாத் தீவும், நமது இலங்கையும் விலக்கப்பட்டிருந்தன என்பதை நம்மவர் பலர் அறியார். யாழ்ப்பாணத்திலே கோவியர், நளவர், பள்ளர் என்போருட் பலரை அடிமைகளென்று பதிந்துவைத்த ஏடுகள் இருந்த காலம் அது. 1844 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டமே இங்கு அடிமைத்தனத்துக்கு முடிவு கட்டியது. அமெரிக்கரைக் குறைகூறுமுன் நம் வீட்டு முற்றத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

குடியேற்ற நாடுகளின் நிலங்களை எவ்வாறு பகிர்வது என்பதை ஆராய 1836 இல் அமைந்த பாராளுமன்றக் குழுவுக்கு வார்ட் தலைமை தாங்கினார். எட்வர்ட் கிப்பன் வேக்பீல்ட் என்பவரின் கொள்கை அப்போது பெருவழக்கில் இருந்தது. நிலம் மிக மலிவாகக் கிடைக்குமானால் எவனும் பிறரிடம் கூலிக்கு நிற்கமாட்டான். ஆளில்லாக் குறையால் அடிமைத்தனம் தலையெடுக்கும். ஆதலால் நிலத்தைத் தக்க விலைக்கு விற்று, அப்பணத்தைக் கொண்டே தொழிலாளரை வரவழைத்தல் வேண்டும் என்பது அக்கொள்கையின் சாரம். டெக்சாஸை அறிந்த வார்ட்டின் மனத்தில் இது நன்கு பதிந்ததில் வியப்பில்லை.

1849 இல் அயோனியத் தீவுகளின் ஆணையாளராக நியமனம் பெற்றார். அவ்வாண்டே கெபலோனியாத் தீவில் மூண்ட கிளர்ச்சியை அவர் அடக்கிய முறை கொடியது. இருபத்தொருவர் தூக்கிலிடப்பட்டனர், பலர் கசையடி பட்டனர். பாராளுமன்றத்திலே சுதந்திரம் பேசிய நாவுக்கும் தீவிலே தண்டனை எழுதிய கைக்கும் இருந்த தூரத்தை அவர் நண்பர்களும் கண்டித்தனர். அக்கறை அவர் பெயரினின்று நீங்கவில்லை.

1855 ஆம் ஆண்டு மே மாதம் இலங்கைத் தேசாதிபதியாகப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. கோப்பிச் செய்கை உச்சத்தை நோக்கிய காலம் அது. உரிமை நிறுவப்படாத காடும் தரிசும் முடிக்குரியவை என்று 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் விதித்திருந்தபடியால், மலைநாட்டு மக்கள் சேனை செய்தும் மாடு மேய்த்தும் வந்த நிலங்கள் வெறுநிலமென்று கணக்கிடப்பட்டுத் துரைமாருக்கு விற்கப்பட்டுவந்தன. வடக்கிலும் கிழக்கிலும் நிலைமை வேறு. இங்கே எவரும் நிலம் கேட்டு வரவில்லை. குளங்கள் உடைந்து, நெற்செய்கை சுருங்கி, காய்ச்சலே குடியிருந்தது. 1832 இல் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிந்தமை பெரிய விடுதலையே. ஆனால் குளக்கட்டுக்கு மண் போடவும் வாய்க்கால் வெட்டவும் ஊரைக் கூட்டிய அதிகாரமும் அதனுடன் ஒழிந்தது. அதற்கு ஈடாக அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை. ஒருவன் வேலியடைக்க, மற்றவன் அடைக்காது விட, மாடு இருவர் வயலையும் மேய்ந்தது.

வார்ட் கிழக்கு மாகாணத்தை நேரிற் சுற்றிப் பார்த்து, குறிப்புகள் எழுதி, 1856 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நீர்ப்பாசனச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அதன் சிறப்பு, புதிதாக எதனையும் புகுத்தாமை. ஒரு பகுதியின் வயற்சொந்தக்காரருள் மூன்றில் இரு பங்கினர் இசைந்தால், அவ்வூரின் பழைய வழக்கங்களே எழுத்தில் இடப்பட்டுச் சட்டமாகும். வழக்கு நேர்ந்தால் ஊர்ப் பெரியோரைக் கொண்டு தீர்க்கப்படும். விதைப்புக் காலம், தண்ணீர் முறை, வேலியடைப்பு, வாய்க்காற் பங்கு என்பவற்றை வட்டை விதானையும் போடிமாரும் கூடித் தீர்மானிக்கும் மட்டக்களப்பு வழக்கத்தை அறிந்தோர் இதன் அருமையை எளிதில் உணர்வர். அவருடைய ஆட்சிக் காலத்திலேயே பட்டிப்பளை ஆற்றுப் படுகையில் இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டன. தமிழரும் சோனகரும் அடுத்தடுத்து வயல் செய்யும் அப்பகுதியில் மீண்டும் நீர் பாய்ந்தது. பின்னாளில், 1949 இல், அதே ஆற்றை இங்கினியாகலையில் மறித்துக் கல்லோயாத் திட்டம் தொடங்கியபோது, வெளியிலிருந்து குடிகளைக் கொண்டுவந்து இருத்துவதே முதன்மை பெற்றது; அதன் விளைவுகளை இம்மாவட்டத்தார் நன்கறிவர். வார்ட் குளந் திருத்தியது ஏற்கெனவே அங்கிருந்த உழவனின் வயலுக்கு.

அவர் ஆட்சியின் மறுபக்கத்தையும் சொல்லாது விடுதல் நேர்மையன்று. மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்குச் சென்னை மாகாணத்துத் தமிழ் மாவட்டங்களிலிருந்து கூலிகள் வந்தவண்ணம் இருந்தனர். மன்னாரில் இறங்கி, அனுராதபுரம், தம்புள்ளை வழியாக மாத்தளை வரை காட்டுப்பாதையில் நடந்தே செல்லவேண்டும். பசியாலும் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டோர் ஆயிரக்கணக்கானோர். அவர்கள் அடிமைகளல்லர், விரும்பி வந்தவர்கள் என்றே ஏடுகள் கூறின. ஆயினும் கங்காணி கொடுத்த முற்பணம் கழுத்திற் கடனாய்க் கிடந்தது. டெக்சாஸ் எல்லையில் எழுதப்பட்ட ஒப்பந்தப் பத்திரத்தை இவ்விடத்தில் நினைவுகூர்ந்தால், இரண்டும் ஒன்று என்று சொல்லமுடியாது; கூலியாளை எவரும் விற்கவில்லை, அவன் பிள்ளை அடிமையாய்ப் பிறக்கவில்லை. அதனினும் மேலாக வேற்றுமை சொல்ல நான் தயங்குகிறேன். 1858 இல் வார்ட் குடிபெயர் தொழிலாளருக்கென ஓர் ஆணைக்குழுவை நிறுவினார். வரும் தொகையைப் பெருக்குவதும் வழித்துன்பத்தைக் குறைப்பதும் அதன் நோக்கங்கள். அது சில ஆண்டுகளே நிலைத்தது.

அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் 3 ஆந் திகதி கொழும்பிற் புகையிரதப் பாதைக்கு முதல் மண்ணை அவரே வெட்டினார். கோப்பியைக் கண்டியிலிருந்து மாட்டு வண்டியில் இறக்கும் செலவே துரைமாரின் தீராக் குறையாயிருந்தது. பொறியியலாளர் மூர்சம் எட்டரை இலட்சம் பவுணளவில் முடியும் என்றார். பின்வந்த டொயின் இருபத்திரண்டு இலட்சத்துக்கு மேலாகும் என்றார். கம்பெனி நொடித்தது, 1861 இல் அரசாங்கமே வேலையைப் பொறுப்பேற்றது. முத்திரை ஒட்டிய தபாலும் தந்திக் கம்பியும் இத்தீவுக்கு வந்தவையும் வார்ட்டின் காலத்தில்தான்.

1860 இல் சென்னை மாகாணத்தின் தேசாதிபதிப் பதவி அவரை நாடிவந்தது. யூலை மாதம் 5 ஆந் திகதி பொறுப்பேற்றார். ஒரு மாதம் நிறையுமுன், ஓகஸ்ட் மாதம் 2 ஆந் திகதி, வாந்திபேதி அவரைக் கொண்டுசென்றது. வடபாதையிலே கூலிகளை மாய்த்த அதே நோய்; அவர்கள் புறப்பட்ட அதே மாகாணம். சென்னைக் கோட்டையிலுள்ள சென்ற் மேரீஸ் தேவாலயத்தில் அவருடல் அடக்கஞ் செய்யப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் ஆபிரகாம் லிங்கன் அமெரிக்க ஜனாதிபதியாகத் தெரிவு செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு அங்கே உள்நாட்டு யுத்தம் மூண்டது.

கொழும்பிற் பலரும் வார்ட் பிளேஸ் என்றழைக்கும் வீதிக்குப் பெயர் தந்தவர் இவரே. அவர் தொடக்கிவைத்த இருப்புப்பாதை 1867 இற் கண்டியை எட்டியது. கிழக்கே மட்டக்களப்புக்கு 1928 இல் வந்து, அங்கேயே நின்றுவிட்டது. இறக்காமத்துக்குப் புகையிரதம் வரவில்லை. குளத்து நீர் வந்தது.